ஏலக்காய் உரலில் இடித்த மருந்து

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடையில் நான் நின்றுகொண்டிருந்தேன். இதில் என்ன பெருமை என்று கேட்பவருக்கு முதுகு நன்றாக இருக்கிறது என்று பொருள். என் மனைவி தன் தங்கையின் மகள் திருமணத்துக்குப் புடவை பார்த்துக்கொண்டிருந்தாள். கடைப்பையன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் போட்டபடி இருந்தார்கள். வெகுநேரம் கழித்து அவள் திரும்பிப் பார்த்தாள்.

“ஏங்க, நாற்காலி கேக்கலியா?”

“எதுக்கு?”

“வந்ததுலேருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க.”

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் நாற்காலி எங்கே என்று தேடுகிற மனிதன், அன்று தேட மறந்துவிட்டேன். மருந்து தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன.

நான் இடைநிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். பினாங்கில் பிறந்து, பினாங்கிலேயே ஆரம்பத் தமிழ்ப் பள்ளியில் படித்து, பினாங்கிலேயே நரைத்துக்கொண்டிருப்பவன். கீழ் முதுகில் தொடங்கி வலது காலின் பெருவிரல் வரை ஓடும் ஒரு நரம்பு வலி பல ஆண்டுகளாக என்னோடு இருக்கிறது. முதுகெலும்புக்கு நடுவே ஒரு வட்டு நழுவி நரம்பை அழுத்துகிறது என்று படம் பிடித்துக் காட்டினார்கள். வெந்நீர் ஒத்தடம், எண்ணெய், உடற்பயிற்சி எல்லாம் பார்த்தாயிற்று. வலியை விடவும் என்னைத் தின்றது அதோடு வந்த பயம். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே காரணம் இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கை வியர்க்கும். வீட்டில் எவருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று தோன்றும். உடனே கைப்பேசியை எடுத்து மகனைக் கூப்பிடுவேன். அவன் அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் ஒரு தொழிற்சாலையில் தொழில்நுட்பராக இருக்கிறான். தினமும் மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் கடந்து போய் வருகிறவன். “பா, வேலையில இருக்கேன் பா,” என்று அவன் அலுத்துக்கொள்ளும் குரலைக் கேட்டால்தான் மூச்சு வரும்.

அரசாங்க கிளினிக்கில் ஒரு டாக்டர் இரண்டையும் கேட்டுவிட்டு ஒரே கேப்சூலை எழுதிக் கொடுத்தார். வலிக்கும் அதுதான், பயத்துக்கும் அதுதான். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “தினமும் சாப்பிடணும். நல்லாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தக் கூடாது,” என்றார். முதல் சில நாட்கள் குமட்டலும் கொட்டாவியுமாகப் போயின. பிறகு அந்தப் புடவைக் கடை வந்தது. வலி போய்விடவில்லை. பக்கத்து வீட்டு வானொலி மாதிரி ஆனது. கேட்கும், ஆனால் நம் வீட்டுப் பேச்சை நிறுத்தாது. மருந்து போட்டு வாழ்கிறேன் என்பதில் எனக்கு வெட்கம் எப்போதும் இருந்ததில்லை. ஆசிரியர் அறையில், காலையில் பசியாறியதும், எல்லாரும் பார்க்கத்தான் விழுங்குவேன்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, பாலத்தில் மோட்டார்கள் போகும் தடத்தில் என் மகன் விழுந்தான். பின்னால் வந்த மோட்டாரும் அவன்மேல் ஏறியது. நான் இத்தனை ஆண்டுகளாக எதற்குப் பயந்தேனோ அது நடந்தது, நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த ஒரு சாதாரண வேளையில். அன்று நெஞ்சு அடித்துக்கொள்ளவே இல்லை. இன்றும் என்னால் புரிந்துகொள்ள முடியாத விஷயம் அது.

தொடை எலும்பு முறிந்து ரத்தம் நிறையப் போயிருந்தது. அறுவை சிகிச்சை நடந்த கதவுக்கு வெளியே, சுவரில் சாய்ந்து நின்றபடி நான் வேண்டிக்கொண்டேன். முருகா, இவன் எழுந்து நடக்கட்டும். இவன் நடந்தால், தைப்பூசத்துக்கு நான் பால்குடம் எடுத்துத் தண்ணீர்மலைக்கு நடந்து வருகிறேன். பக்கத்தில் நின்ற மனைவி காதில் விழும்படி வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். “ஒங்க முதுக வச்சுக்கிட்டா?” என்று அவள் கேட்டது பின்னால்தான் எனக்கு உறைத்தது. தண்ணீர்மலை உச்சியில் இருக்கும் முருகன் கோயிலுக்குப் படிகள் ஏராளம். வெறுங்காலோடு, நெஞ்சுக்கு நேரே குடத்தைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவே ஏற வேண்டும். எனக்குப் பள்ளியின் மூன்றாம் மாடிக்கு ஏறுவதே ஒரு காரியம்.

மகன் நடந்தான். முதலில் நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பிறகு கைத்தடியோடு, பிறகு நொண்டியபடி கோப்பி வாங்கக் கீழே இறங்கும் அளவுக்கு. இனி என் முறை.

ஒரு மண்டல விரதம். வீட்டில் நான், மனைவி, மகன் மூவருமே சைவத்துக்கு மாறினோம். மனைவி குளிர்சாதனப் பெட்டியைக் கழுவித் துடைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். பால்குடம் எடுப்பவர்களுக்கென்று எங்கள் வட்டாரத்தில் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் ஒருவர் எச்சரிக்கை போட்டார். கேக்கில் முட்டை இருக்கிறது, பார்த்து வாங்குங்கள். ஜெல்லி இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கிறது, அது மாட்டு எலும்பிலிருந்து எடுப்பது, குழந்தைகளுக்குக்கூடக் கொடுக்காதீர்கள். எல்லாரும் கை கூப்பும் படம் போட்டார்கள். நானும் போட்டேன்.

மறுநாள் காலை கேப்சூலை வாயருகே கொண்டுபோனவன் நிறுத்தினேன். மற்றவர்களுக்கு அது வெறும் மாத்திரை. எனக்கு அந்த வழவழப்பான உறை எதனால் ஆனது என்று தெரியும். எலும்பையும் தோலையும் வேகவைத்து எடுக்கும் அதே புரதம். பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்துப் படித்தேன். ஜெலட்டின் என்றே எழுதியிருந்தது.

மருந்தை நிறுத்தக் கூடாது. அதில் எனக்குக் குழப்பமே இல்லை. விரதமும் முறியக் கூடாது. இரண்டையும் காப்பாற்ற வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தபோது வந்த சந்தோஷம் இப்போதும் நினைவிருக்கிறது. கேப்சூலை இரண்டாகத் திருகித் திறந்தேன். உள்ளே கசகசா போல வெள்ளை மணிகள். உறையைக் குப்பையில் போட்டேன். மணிகளைச் சமையலறையில் இருந்த சின்ன ஏலக்காய் உரலில் கொட்டி நன்றாக இடித்துத் தூளாக்கினேன். தேனில் குழைத்து நக்கினேன். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. நாக்கின் நுனி மரத்தது. விரதத்தில் கொஞ்சம் கசப்பு இருந்தால்தான் என்ன என்று இருந்தது எனக்கு.

“என்னாங்க, ஏலக்காய் டீயா?” என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்.

“மருந்து.”

“நாட்டு மருந்தா?”

“ஆமா, நம்ம வீட்டு மருந்து,” என்றேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சில நாட்களில் ஒன்று மாற்றி ஒன்றாக வந்தது. கண்ணைச் சட்டென்று திருப்பினால் மண்டைக்குள் மின்சாரம் தொட்டதுபோல ஒரு சிலிர்ப்பு. காரணமில்லாமல் வியர்வை. அரைத் தூக்கத்தில் துள்ளி விழுதல். வலது காலில் பழைய நெருப்பு. பயம் திரும்பி வந்த விதம்தான் கொடுமை. முன்பு அது எப்போதாவது வரும் விருந்தாளி. இப்போது விடிந்தால் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. மகன் குளியலறையில் கொஞ்சம் நேரம் எடுத்தால் கதவைத் தட்டினேன். “பா, குளிக்கிறேன் பா! விழுந்தா சத்தம் கேக்கும், அப்ப வாங்க!” என்று கத்தினான்.

மருந்தைத்தான் தவறாமல் சாப்பிடுகிறேனே, பிறகு ஏன் என்று எனக்குப் புரியவில்லை. குழுவில் ஒரு பெரியவரிடம் உடம்பு முடியவில்லை என்று மட்டும் சொன்னேன். “முருகன் சோதிக்கிறான் சார். சோதனை வந்தா வேண்டுதல் ஏறுதுன்னு அர்த்தம்,” என்றார். நல்ல மனிதர். நானும் நம்பினேன். இன்னும் கொஞ்சம் இறுகப் பிடித்துக்கொண்டேன். விரதம் கடுமையாக ஆக ஆக வேண்டுதலுக்கு வலு கூடும் என்று ஒரு கணக்கு மனத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் வகுப்பில் ஒரு நாள், வெள்ளைப் பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தபோது, கை நின்றுவிட்டது. எழுதவேண்டியது தெரியும். கை போகவில்லை. நெஞ்சு குதிரை மாதிரி ஓடியது. மாணவர்கள் பக்கம் திரும்பினால் விழுந்துவிடுவேன் என்று தோன்றியது. பலகையைப் பார்த்தபடியே நின்றேன். பின்னால் முதலில் கசமுசாவென்று பேச்சு, பிறகு பேச்சே இல்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து என் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடிபோட்டார். விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு நேரே கிளினிக்குக்குப் போனேன். தைப்பூசத்துக்கு இரண்டு வாரத்துக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது. என்னால் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கிளினிக் வாசல்வரை நடக்க முடியவில்லை. இதில் மலை.

டாக்டர் என்னைப் பரிசோதித்துவிட்டு, மருந்து சாப்பிடும் முறையைப் பற்றி மருந்தாளரிடம் போய்ப் பேசுங்கள் என்றார். மருந்தாளர் ஓர் இளம் மலாய்ப் பெண். மலாயில் பேசினோம். அவள் பேசியது நினைவில் தமிழாகவே தங்கிவிட்டது.

“சாப்பாட்டுக்கு அப்புறம்தானே சாப்பிடுறீங்க, பாக்சிக்?”

பாக்சிக் என்றால் சித்தப்பா, மாமா என்பது போல. ஆமாம் என்றேன். ஒரு நாளும் விடவில்லை என்றேன். பிறகு, மறைக்க என்ன இருக்கிறது என்று, உறை ஜெலட்டின் என்பதால் அதை எடுத்துவிட்டுச் சாப்பிடுவதைச் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. “எங்க ஆளுங்களும் கேப்பாங்க, இது ஹலால் எலும்பா, இல்லையான்னு,” என்றாள். “சரி, உள்ள இருக்கிற மணியை அப்படியே முழுங்கினீங்களா?”

“இல்ல. உரல்ல இடிச்சு.”

அவள் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். “இடிச்சா?”

“ஏலக்காய் இடிக்கிற உரல். நல்லா மாவாத்தான் இடிச்சேன்.” அதைச் சொல்லும்போதுகூட என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

“பாக்சிக், அந்த மணி ஒவ்வொண்ணுக்கும் மேல ஒரு பூச்சு இருக்கு. ஏன்னா வயித்துல—”

அவள் முடிக்கவில்லை. “அமிலம்,” என்றேன் நான். “வயித்து அமிலத்துல மருந்து சிதைஞ்சிடும். பூச்சு அமிலத்துல கரையாது. சிறுகுடலுக்குப் போனதும் அங்க கரையும். நான் பூச்சை உடைச்சிட்டேன்.”

“ரொம்ப நல்லாச் சொல்றீங்க. பாக்சிக் என்ன வேலை?”

கொஞ்சம் தயங்கினேன். “சிக்கு,” என்றேன். ஆசிரியர் என்று பொருள். “வேதியியல்.”

அப்போது அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அத்தனை நாளில் அதுதான் முதல் சிரிப்பு. நான்காம் படிவத்துப் பிள்ளைகளுக்கு அமிலம் நடத்துகிறவன், வீட்டில் உரலை வைத்துக்கொண்டு மருந்தை என் வயிற்று அமிலத்துக்கு ஊட்டியிருக்கிறேன். தினமும் சாப்பிட்டேன், ஒரு நாளும் சாப்பிடவில்லை. திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருந்தது.

உறை இல்லாத வேறு மருந்து உண்டா என்று கேட்டேன். டாக்டரிடம் அழைத்துப் போனாள். உண்டு, ஆனால் மெல்ல மெல்லத்தான் மாற்ற முடியும், தைப்பூசத்துக்குள் நடக்காது என்றார் டாக்டர். இப்போது இதே கேப்சூலை முழுசாக மீண்டும் தொடங்க வேண்டும், முழுப் பலன் தெரியச் சில வாரம் ஆகலாம் என்றார். மலை ஏறுவதைப் பற்றிக் கேட்டேன். “முதுகுக்கு ஏறக் கூடாதுன்னு இல்ல. இப்ப இருக்கிற நிலைமையில ஏறாதீங்க. மருந்து போட்டு, நிதானமா, முடிஞ்சா,” என்றார்.

ஆக, கேப்சூலை விழுங்கினால் விரதம் முறியும். விழுங்காவிட்டால் மலை ஏற முடியாது. மகனுக்காக வாய்விட்டுச் சொன்ன வாக்கு நடுவில் தொங்கியது.

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சமையலறை மேசையில் உட்கார்ந்து அவளும் தன் மாத்திரையைப் போட்டுக்கொள்ளப் போகும் நேரம்.

“மாட்டெலும்பா?” என்றாள்.

“எலும்பு இல்லம்மா. எலும்புலேருந்து எடுக்கிற புரதம்.”

“பாடம் எடுக்காதீங்க லா. முட்டை போட்ட பிஸ்கட்டுகூடத் தொடாம இருந்துட்டு, கடைசியில மாடா? அடுத்த வருஷம் எடுத்துக்கலாம். முருகன் எங்கயும் போயிட மாட்டான்.”

“அடுத்த வருஷமும் இதே முதுகுதான்.”

“அப்ப ஐயர்கிட்டக் கேளுங்க. அவர் சரின்னா சரி.”

அவள் கையில் பளபளவென்று மஞ்சளாக இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டி வலிக்காக ஆண்டுக் கணக்கில் அவள் போட்டுவரும் மாத்திரை. அதன் புட்டி மேசைமேல் இருந்தது. புட்டியில் ஒரு மீன் துள்ளிக்கொண்டிருந்தது.

“அது என்னா?” என்றேன்.

“எது?”

“கையில.”

“இது முட்டிக்கு.”

“புட்டியில என்னா படம் போட்டிருக்கு?”

புட்டியைத் திருப்பிப் பார்த்தாள். ஆண்டுக் கணக்கில் பார்த்த படத்தை முதல்முறையாகப் பார்த்தாள். முகம் போன போக்கை நான் எழுதினால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது.

“இது மருந்து லா!” என்றாள்.

கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மகன் வெடித்துச் சிரித்தான். “மா, மீன் எண்ணெய் மா! போன தைப்பூசத்துக்கும் போட்டீங்க, அதுக்கு முந்தின தைப்பூசத்துக்கும் போட்டீங்க.”

“நீ வாய மூடு. ஒன்னாலதான் இவ்ளோவும்.”

அவன் கைத்தடி இல்லாமல் எழுந்து, சுவரைத் தொட்டபடி சமையலறைக்கு வந்தான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது.

“பா, எனக்கு ரத்தம் ஏத்துனாங்கல்ல?”

“ஆமா.”

“யார் ரத்தம்னு கேட்டீங்களா?”

“அதெல்லாம் யார் சொல்லுவாங்க?”

“யாரோ ஒரு அங்கிள் பாக்குத்தே சாப்ட்டுட்டு வந்து குடுத்ததா இருக்கும். பன்னி எலும்பு சூப்பு. அது ஏறினதாலதான் நான் இங்க ஒக்காந்துருக்கேன். அன்னைக்கு சைவ ரத்தம் இருந்தா குடுங்கன்னு கேட்டீங்களா ரெண்டு பேரும்?”

மனைவி அவனையே பார்த்தாள். அவள் உதடு கோணியது. அந்த இரவை நாங்கள் மூவரும் அதுவரை பேசியதே இல்லை. ரத்தப் பை தொங்கிய கம்பி, அதிலிருந்து சொட்டு இறங்குவதையே நான் பார்த்துக்கொண்டு நின்றது, ஒவ்வொரு சொட்டுக்கும் நான் கும்பிட்டது எல்லாம் எனக்குத் திரும்பி வந்தது. யாருடையது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. அந்த நேரத்தில் அதைவிடச் சுத்தமான பொருள் எனக்கு உலகத்தில் இருந்திருக்காது.

“ஐயரைக் கேக்க வேண்டாம்,” என்றேன். “நான் கேப்சூல முழுசாப் போட்டுத்தான் பால்குடம் எடுப்பேன். குத்தம்னா என்கிட்ட இருக்கட்டும்.”

மனைவி எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். “அப்ப என் மீன?” என்றாள் முதுகைக் காட்டிக்கொண்டு.

“ஒங்க முட்டி, ஒங்க முருகன்,” என்றான் மகன்.

மறுநாள் பசியாறியதும் கேப்சூலை முழுசாக விழுங்கினேன். அன்று மாலை அதை வாட்ஸ்அப் குழுவிலும் எழுதினேன். எனக்கு நரம்பு வலியும் பயமும் இருக்கின்றன, அதற்கு மருந்து சாப்பிடுகிறேன், அதன் உறை ஜெலட்டின், விரதத்திலும் சாப்பிடத்தான் போகிறேன், இதில் ஆட்சேபம் உள்ளவர்கள் என்னோடு சேர்ந்து நடக்க வேண்டாம், தனியாக வருகிறேன். பிறகு, சோதனை என்று சொன்ன பெரியவர், “சேர்ந்தே நடப்போம் சார்,” என்று போட்டார். இன்னொருவர் தனியாக எனக்கு எழுதினார். “சார், எனக்கு ரத்தக்கொதிப்பு. விரதத்துக்காக மாத்திரைய நிறுத்தி வச்சிருக்கேன். சாப்பிடலாமா?” நான் பூசாரியும் இல்லை, டாக்டரும் இல்லை என்று பதில் எழுதினேன். அனுப்பியபின் மனம் கேட்காமல், “இப்பவே கிளினிக் போங்க. உரல் மட்டும் வேண்டாம்,” என்று சேர்த்தேன். அவருக்கு உரல் புரிந்திருக்காது.

தைப்பூசத்தன்று விடியும்போது எனக்கு முழுசாகச் சரியாகியிருக்கவில்லை. மண்டைக்குள் மின்சாரம் நின்றிருந்தது. தூக்கம் வந்திருந்தது. கால் வலி பாதிக்குத்தான் இறங்கியிருந்தது. மற்றவர்கள் பால் ஊற்றும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். நான் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டு, எல்லார் முன்னாலும் கேப்சூலை வாயில் போட்டு, தண்ணீர்ப் பந்தலில் கொடுத்த நீரைக் குடித்தேன். மஞ்சள் வேட்டி, கையில் காப்பு, மஞ்சள் துணியால் வாய் கட்டிய குடம். மனைவி இடப்புறம், மகன் பின்னால்.

சாலையில் முந்தைய நாள் ரதத்துக்கு உடைத்த தேங்காய்ச் சில்லுகள் இன்னும் ஓரத்தில் குவிந்திருந்தன. வெறுங்காலுக்கு ஈரம் தெரிந்தது. உறுமியும் ஒலிபெருக்கியும் ஒன்றையொன்று விழுங்கின. காவடிகள் திரும்பும்போதெல்லாம் கூட்டம் ஒதுங்கி மீண்டும் ஒட்டிக்கொண்டது. அடிவாரம்வரை சமாளித்தேன். படிகளின் தொடக்கத்தில் வலது கால் தன் வேலையைக் காட்டியது. ஒரு படி, நின்று மூச்சு, மறு படி. பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிப் போனார்கள்.

நடுவழியில் ஒரு பெரிய காவடி குறுக்கே வந்தது. அது கடந்ததும் திரும்பிப் பார்த்தேன். மகன் இல்லை.

மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தலைகள். அவன் தலை இல்லை. “எங்க அவன்?” என்று மனைவியிடம் கேட்டேன். அவளுக்குச் சத்தத்தில் கேட்கவில்லை. எனக்கு வரப்போவது என்ன என்று எனக்குத் தெரியும். அது வந்தது. நெஞ்சு, வியர்வை. அவன் விழுந்துவிட்டான், கூட்டம் மிதிக்கிறது, அந்தக் கால், அந்தத் தொடை எலும்பு. படம் படமாக ஓடியது. ஒரு வாரத்துக்கு முன்பாக இருந்தால் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கியிருப்பேன். இப்போதும் பயம் அதே பயம்தான், ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. ஆனால் அது சொல்வதையெல்லாம் உடனே செய்ய வேண்டியதில்லை என்று நினைக்க எனக்கு ஒரு மூச்சு நேரம் கிடைத்தது. அந்த ஒரு மூச்சைத்தான் மருந்து எனக்குத் தருகிறது. அதற்குமேல் அது ஒன்றும் தருவதில்லை. அதற்குமேல் எனக்கு வேண்டியதும் இல்லை.

அந்த மூச்சுக்குள் யோசித்தேன். அவனுக்கு இருபத்து நான்கு வயது. கால் வலித்தால் ஓரமாக உட்காரத் தெரியும். நான் குடத்தைக் கீழே வைக்கவில்லை. வலது காலைத் தூக்கி அடுத்த படியில் வைத்தேன்.

உச்சிக்குச் சற்றுக் கீழே, தொண்டர் பனியன் போட்ட ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். கையை நீட்டினார்.

“அண்ணே, குடத்தக் குடுங்கண்ணே. நான் கொண்டுபோயி குடுத்துர்றேன். நீங்க ஒக்காருங்க.”

“வேணாம் தம்பி.”

“கால் நடுங்குதுண்ணே.”

“அது எப்பவும் நடுங்கும். நானே குடுக்கிறேன்.”

அவர் குடத்தை விட்டுவிட்டு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அதை நான் மறுக்கவில்லை. சன்னிதியில் ஐயர் குடத்தை என் கையிலிருந்து வாங்கி, துணியை அவிழ்த்து, வேலின்மேல் ஊற்றினார். பால் வெள்ளையாக வழிந்து ஒரு நொடியில் தரைக் கல்லோடு கல்லாகிப் போனது. கண்மூடி வேண்ட நினைத்தேன். கேட்க ஒன்றும் வரவில்லை. வந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

வெளியே வந்து ஒரு சுவரோரம் உட்கார்ந்தோம். கீழே நகரமும், அதைத் தாண்டிக் கடலும், துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும், அக்கரையும் தெரிந்தன. பாலமும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மகன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தான். வியர்த்துக் கொட்டியது.

“காவடிக்குப் பின்னால மாட்டிக்கிட்டேன். ஒக்காந்துட்டுத்தான் வந்தேன்,” என்றான். “ஊத்திட்டீங்களா?”

“ஊத்திட்டேன்.”

“நீங்களேவா?”

“நானேதான்.”

“கால்?”

“எரியுது. ஒனக்கு?”

“எனக்கும்.”

“ரெண்டு நொண்டியையும் நான்தான் கீழ எறக்கணும்,” என்றாள் மனைவி. தன் முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

பக்கத்தில் ஒரு வயதான அம்மாள் விசிறிக்கொண்டிருந்தார். என்ன வேண்டுதல் என்று கேட்டார். மகனைக் காட்டினேன். விபத்துல கால் ஒடஞ்சுது, நடக்கணும்னு வேண்டிக்கிட்டேன் என்றேன். அவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஒங்களுக்குத்தானே ஒடம்பு முடியல போல இருக்கு?” என்றார்.

“ஆமாங்கம்மா. மருந்து போட்டுத்தான் ஏறினேன்,” என்றேன், கொஞ்சம் உரக்கவே.

“மருந்து போட்டா என்னா, ஏறினது நீங்கதானே,” என்றார் அவர், விசிறுவதை நிறுத்தாமல்.

என் முதுகுக்கு ஏறுவதைவிட இறங்குவது கடினம். ஒவ்வொரு படியிலும் வலது காலை முதலில் இறக்கி, இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மூவரும் ஓரமாக, கைப்பிடியைப் பிடித்தபடி, மேலே ஏறி வருபவர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டு இறங்கினோம். வெயில் ஏறிவிட்டது. வெறும் குடம் என் கையில் இருந்தது. மனைவி அதை வாங்கிக்கொள்கிறேன் என்றாள். கொடுக்கவில்லை. எனக்கு எந்த அவசரமும் இல்லை. அன்று அந்தப் படிகளில் என்னைவிட மெதுவாக இறங்கியவர் இருந்திருக்க முடியாது. என்னைவிடத் தலை நிமிர்ந்து இறங்கியவரும் இருந்திருக்க முடியாது.